வாக்கியம் 611

ஸ்ரீபெரும்புதூர்
13 ஜூலை 2014, ஞாயிறு

திரு. தணிகாசலம் அவர்களுக்கு,

போன மாதம் வரை ‘அண்ணன்’ என்று எழுதியிருப்பேன். இந்தக் கடிதத்துக்கு அது வேண்டாம்.

இந்த முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். சென்ற ஆண்டு நீங்கள் மைக் அனுப்பிய அட்டைப்பெட்டியை நான் தூக்கிப்போடவில்லை. அதன் மூலையில் உங்கள் கையெழுத்தில் குன்றத்தூர் முகவரி இருந்தது. ‘செவிவழி’ மடற்குழுவுக்கு நான் அனுப்பும் மின்மடல்கள் ஜூன் 20 முதல் ஒப்புதலுக்காக நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஒப்புதல் தர வேண்டியவர் அருள்பாண்டி. என் புகாரும் அருள்பாண்டி மீதுதான். தபால்காரர் யாரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை. அதனால் தபால்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு ஒரு பெண் குரல் வேண்டும் என்று குழுவில் கேட்டீர்கள். நான் கொடுத்தேன். 2013 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலைகளில், எங்கள் ஹாஸ்டலில் மெத்தைகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் உட்கார்ந்து 1,240 வாக்கியங்கள் படித்தேன். என் குரலை யாரும் வெட்டலாம், ஒட்டலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். அதை நான் மறுக்கவில்லை.

ஜூன் 14 அன்று அருள்பாண்டி அந்தக் குரலைத் துண்டு துண்டாக எடுத்து, ஓர் ஆணைப் படுக்கைக்குக் கூப்பிடுவது போல ஒட்டி, ‘புதிய பதிப்பு நன்றாக வேலை செய்கிறது’ என்ற தலைப்பில் குழுவில் போட்டார். ஒன்பது பேர் சிரித்தார்கள். ஒருவர் நான் எந்த ஹாஸ்டல் என்று கேட்டார். அதை நீக்க வேண்டும் என்றும், வெளியே பல மென்பொருள் திட்டங்களில் இருப்பது போல நமக்கும் நடத்தை விதிகள் வேண்டும் என்றும் எழுதினேன். அருள்பாண்டியின் பதில்: “குரலக் குடுத்துட்டு அப்பறம் கூச்சப்பட்டா எப்டிம்மா? இது என்ன கன்னியர் மடமா?”

அதற்குக் கீழே நீங்கள் பதில் போட்டிருந்தீர்கள். சொல் எதுவும் இல்லை. ஒரு முக்காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி. சிரிக்கிற முகம்.

அருள்பாண்டியைப் போன்றவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் கம்பெனி லைனில் பத்தடிக்கு ஒருவர் உண்டு. உங்களுடைய அந்த இரண்டு குறிகளைத்தான் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை.

விதிகள் எழுதுங்கள். இல்லையென்றால் என் குரலை எடுத்துவிடுங்கள்.

வேல்விழி


குன்றத்தூர்
21 ஜூலை 2014

அன்புள்ள வேல்விழி,

உங்கள் கடிதம் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை நான்கு நாளில் கடந்து வந்தது. நடந்து வந்திருந்தால் மாலைக்குள் வந்திருக்கும்.

உங்களுக்கு மன வருத்தம் என்று தெரிந்ததும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அந்த ஒலித்துண்டையும், அதற்கு வந்த எல்லாப் பதில்களையும் சேர்த்து, அந்த வாரத்தில் இது தொடர்பாக வந்த நாற்பத்தோரு மடல்களையும் பழைய மடல்களின் தொகுப்பிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட்டேன். இனி யார் தேடினாலும் உங்கள் பெயரோடு சேர்த்து எதுவும் கிடைக்காது. அருள்பாண்டியிடமும் தொலைபேசியில் பேசினேன். இனி இப்படி வேண்டாம் என்று சொன்னேன். சரி என்றான்.

விதிகள் பற்றி. வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே யாரும் சம்பளத்துக்கு வரவில்லை. பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு சூப்பர்வைசருக்குக் கீழே இருந்துவிட்டு, மாலையில் தானாக வருகிறார்கள். வாசலில் ஒரு பலகை மாட்டினால் அடுத்த நாள் அதைப் படித்துக்காட்ட ஓர் அதிகாரி வருவான். நான் பார்த்திருக்கிறேன்.

குரலைத் திரும்பப் பெற உரிமத்தில் வழியில்லை. அது உங்களுக்கும் தெரியும். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். எந்திரத்தனம் இல்லாத தமிழ்க் குரல் அவர்களுக்கு வேறு கிடையாது. அருள்பாண்டியும் போய்விட்டால் அடுத்த பதிப்பு வராது. நிரலில் பாதி அவன் எழுதியது.

இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தணிகாசலம்


ஸ்ரீபெரும்புதூர்
27 ஜூலை 2014, ஞாயிறு

திரு. தணிகாசலம் அவர்களுக்கு,

நாற்பத்தோரு மடல்களில் ஆறு என்னுடையவை. என்னைக் கேட்டீர்களா?

நேற்று ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தொகுப்பைத் திறந்து பார்த்தேன். ஜூன் 12 இருக்கிறது. அதற்குப் பிறகு ஜூன் 22 இருக்கிறது. ஜூன் 22 அன்று புதிதாகச் சேர்ந்த ஒருவர், “வேல்விழி ஏன் இப்போது எழுதுவதில்லை?” என்று கேட்கிறார். அதற்கு அருள்பாண்டி, “பொண்ணுங்கன்னா அப்டித்தான், ஆர்வம் போச்சுன்னா போய்டுவாங்க” என்று பதில் எழுதியிருக்கிறார். அது மட்டும் பத்திரமாக இருக்கிறது. இப்போது அந்தத் தொகுப்பைப் படிப்பவருக்கு, எதுவுமே நடக்கவில்லை. ஒருத்தி காரணமில்லாமல் போய்விட்டாள். அவன் செய்தது இருந்த இடத்தில்தான் நான் எதிர்த்துச் சொன்னதும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, எனக்கு நல்லது செய்ததாக எழுதுகிறீர்கள்.

துடைத்ததும் முழுதாக இல்லை. செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில், கடைசி இருக்கையில் யாரோ ஒருவரின் செல்பேசியில் அது ஓடியது. வாட்ஸ்அப்பில் வந்ததாம். நான்கு பேர் சிரித்தார்கள். யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறைத்தோழி கவியாவுக்குத் தெரிந்துவிட்டது. “ஏட்டி, இது ஒன் சத்தம்லா?” என்றாள். இல்லை என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. ஒரகடம் கூட்டு ரோடு வரும் வரைக்கும் நான் யாரிடமும் பேசவில்லை. வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே.

பலகை மாட்டினால் அதிகாரி வருவான் என்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் பலகை இருக்கிறது. செல்பேசிக்குள் வைக்கும் சின்ன ஒலிபெருக்கி செய்கிறோம். ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்டு, கரகரப்பு இருந்தால் சிவப்புத் தட்டில் போடுவது என் வேலை. கேண்டீனுக்குப் போகும் வழியில் ‘பெண் ஊழியர்களிடம் கண்ணியம்’ என்று தொடங்கி பதினாறு வரி எழுதியிருக்கிறது. கீழே ஒரு மஞ்சள் புகார்ப்பெட்டி. நேர் மேலே கேமரா. பெட்டியின் சாவி எங்கள் லைன் சூப்பர்வைசரின் இடுப்பில். நான் சேர்ந்து நான்கு வருடமாகிறது. அந்தப் பெட்டிக்குள் யாரும் எதுவும் போட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே பலகையைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம். பலகை கெட்டது என்பதற்காகப் பெட்டியே வேண்டாம் என்று சொல்கிறவர்கள், பெட்டியில் எழுதிப் போட வேண்டிய நிலை வராதவர்கள்.

குரலை எடுத்துவிடுங்கள். உரிமம் இடம் கொடுக்காது என்று எழுதியிருந்தீர்கள். நான் உரிமத்திடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

வேல்விழி


குன்றத்தூர்
17 ஆகஸ்ட் 2014, ஞாயிறு

அன்புள்ள வேல்விழி,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன். இரண்டிலும் நான்தான் சரியாக இருந்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அங்கே கிரைண்டிங் பிரிவில் கோதண்டம் என்று ஒருவர். ஒரு நாள் சக்கரம் உடைந்து அவர் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயிற்று. பாதுகாப்புக் கண்ணாடி போடாதது அவர் தவறு என்று எழுதி வாங்கினார்கள். பிரிவில் இருந்த கண்ணாடிகள் எல்லாம் கீறல் விழுந்து, போட்டால் எதுவும் தெரியாத நிலையில் இருந்தன என்று நான் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரிடம் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த விதிகளில் பதினான்காவது: உடன் பணிபுரிவோரைத் தூண்டுதல், நன்னடத்தைக் குறைவு. எட்டு மாதம் விசாரணை. தினமும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும். ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள். வந்தால் அவர்களுக்கும் பதினான்கு. கடைசியில் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

செவிவழி அந்தக் கோதண்டத்துக்காகத் தொடங்கியது. பலகை இல்லாத ஓர் இடம் எனக்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. நன்னடத்தை என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு அந்த பெஞ்சு ஞாபகம் வரும். இது சமாதானம் இல்லை. தகவல்.

போன ஞாயிறு மாங்காட்டுக்குப் போய் கோதண்டத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரலை எடுக்கச் சொல்கிறார்கள், எடுத்தால் உனக்குத்தான் கஷ்டம் என்று ஆரம்பித்தேன். என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“என் கஷ்டத்த அப்பால பாக்கலாம். அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? அத்த மொதல்ல சொல்லு.”

சொன்னேன்.

“நீ சிரிச்சியா?”

“ஒரு குறி போட்டேன்.”

“குறின்னா?”

“முக்காற்புள்ளி போட்டு ஒரு அடைப்பு போட்டா சிரிக்கிற மூஞ்சி மாதிரி இருக்கும்.”

“அடப்பாவி, அதுவா?” என்றார். “அன்னிக்கு உன் மடல மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்பா. ‘முக்காற்புள்ளி, வலது அடைப்புக்குறி’ன்னு அந்தப் பொண்ணுதான் படிச்சுது. ஏதோ கோளாறு போலன்னு நானும் வுட்டுட்டேன். நீ சிரிச்சதயும் அது வாயாலயே படிக்க வெச்சிகீற.”

“அப்படி நினைச்சுப் பண்ணல, கோதண்டம்.”

“நெனச்சா பண்ணுவாங்க? எனக்குக் கண்ணு போனப்போ அந்த மேனேஜருகூட நெனச்சுப் பண்ணல. போய் அது கேட்டத செய்யி. கொரலு போனாப் போவுது. பழைய மிசினு கொரலு கீதுல்ல, தகர டப்பா மாதிரி. அத்த கேட்டுக்கினு கெடக்கறேன்.”

அடுத்த பதிப்பில் குரலை எடுத்துவிடுகிறேன். ஏற்கெனவே தரவிறக்கியவர்களிடமிருந்து எடுக்க முடியாது. அது என் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதற்கு முன் விதிகளும் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம். இணைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துத் திருத்தினால்தான் குழுவில் போடுவேன். திருத்தாமல் கிழித்துப் போட்டாலும் புரிந்துகொள்வேன்.

தணிகாசலம்


ஸ்ரீபெரும்புதூர்
7 செப்டம்பர் 2014, ஞாயிறு

தணிகாசலம் சாருக்கு,

உங்கள் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். கோபம் இல்லை. அறையில் அந்தப் பேனாதான் இருந்தது.

‘பெண்களிடம் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்’ என்ற முதல் வரியை அடித்துவிட்டேன். கண்ணியம் என்று எழுதினால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த கண்ணியத்தைச் செய்வார்கள். என்ன செய்யக் கூடாது என்று எழுதுங்கள். ஒருவர் கொடுத்த குரலை, படத்தை, பெயரை வைத்து அவரைக் கேலி செய்யக் கூடாது. ஒருவரின் இருப்பிடத்தை விசாரிக்கக் கூடாது. புகாரை அழிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை யாருக்காக எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

‘மீறுவோர் உடனடியாக நீக்கப்படுவர்’ என்பதையும் அடித்திருக்கிறேன். உங்களை பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி யாரையும் உட்கார வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். புகார் சொல்லப்பட்டவர் பேசவும் இடம் வேண்டும். முடிவு சொல்ல முப்பது நாள், அதற்கு மேல் கூடாது. எட்டு மாதம் கூடாது.

கடைசி வரியில் ‘புகார்களைத் தணிகாசலத்துக்கு எழுதலாம்’ என்றிருக்கிறது. என் புகார் உங்கள் மேலும் இருக்கிறதே. நான் யாருக்கு எழுதுவது? பெட்டியைத் திறப்பது யார் என்பதுதான் விதி. மற்றதெல்லாம் பலகை.

குரலை எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். கோதண்டம் சாரைத் தகர டப்பாவைக் கேட்க வைப்பது என் நோக்கமில்லை. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கம்பெனியில் இரண்டு லைனை நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் பொருள் வாங்கும் பெரிய கம்பெனி வாங்குவதை நிறுத்துகிறதாம். காதில் வைத்துக் கேட்க ஒன்றும் வராமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம்.

வேல்விழி


குன்றத்தூர்
12 அக்டோபர் 2014

அன்புள்ள வேல்விழி,

சுருக்கமாக எழுதுகிறேன். களைப்பு.

செப்டம்பர் 28 அன்று விதிகளைக் குழுவில் போட்டேன். உங்கள் திருத்தம் எல்லாவற்றோடும். பதினொரு நாளில் இருநூற்றுப் பதினேழு மடல்கள். இவ்வளவு பேர் குழுவில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நிரலில் ஒரு பிழை இருக்கிறது, உதவுங்கள் என்று கேட்டபோது மூன்று பேர்தான் வந்தார்கள். ‘சுதந்திரம் செத்தது’ என்று ஒருவர். ‘யாரோ ஒரு பெண்ணுக்காக’ என்று ஏழு பேர். ‘நகைச்சுவை உணர்வு இல்லாதவர்களுக்கு மென்பொருள் எதற்கு’ என்று ஒருவர். அவர் இதுவரை எங்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. பொறுமையாக எதிர்வாதம் வைத்தவர்களும் உண்டு. விதியைப் பிடித்துக்கொண்டு பிடிக்காதவரை வெளியேற்றும் நாள் வரும் என்றார்கள். வராது என்று என்னால் எழுத முடியவில்லை. நானே அந்த பெஞ்சிலிருந்து வந்தவன்.

அருள்பாண்டி போய்விட்டான். போகும் முன் போன் செய்தான். “அண்ணே, ஆறு வருசமா ஒங்ககூட இருக்கேன். ஒரு வெளையாட்டுக்கு எம் மேல சட்டமா?” என்றான். “நானும் அந்த விளையாட்டுல இருந்தேன்டா. சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்” என்றேன். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. வாரத்துக்கு மூன்று முறை பேசிக்கொள்வோம் நாங்கள். நிரலைப் பற்றித்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

இனி பெட்டியைத் திறப்பவர்கள் இருவர். ஒருவர் கோதண்டம். இன்னொருவர் வல்லக்கோட்டைப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கும் ரத்னா. இருவரும் எனக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. கோதண்டம் எவருக்குமே கட்டுப்பட்டவர் இல்லை. அவர்கள் முகவரிக்கு வரும் மடலை என்னால் பார்க்க முடியாதபடி செய்துவிட்டேன். கடவுச்சொல்லும் என்னிடம் இல்லை.

தணிகாசலம்


ஸ்ரீபெரும்புதூர்
2 நவம்பர் 2014, ஞாயிறு

தணிகாசலம் சாருக்கு,

வெள்ளிக்கிழமையோடு எங்கள் லைன் முடிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு டிபன் கேரியர் கொடுத்து அனுப்பினார்கள். கவியா திருப்பூருக்குப் போகிறாள். ஹாஸ்டலில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தோம். இன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். மெத்தை அறையில் மெத்தைகள் கூரை வரை இருக்கின்றன. இப்போது பதிவு செய்தால் ஒரு சத்தமும் உள்ளே வராது.

மஞ்சள் பெட்டியைக் கழற்றும்போது நான் அங்கே இருந்தேன். கழற்றியவர் மூடியை நெம்பிப் பார்த்தார். உள்ளே ஒரு பிஸ்கட் உறையும், யாரோ மாத்திரை வாங்கிய சீட்டும் இருந்தன.

நேற்று கோதண்டம் சாருக்கும் ரத்னா டீச்சருக்கும் என் புகாரை அனுப்பினேன். அருள்பாண்டி போய்விட்டதால் அவர் செய்ததைத் தகவலாக மட்டும் எழுதினேன். புகார் உங்கள் மேல்தான். சிரித்தது ஒன்று. அழித்தது ஒன்று. உங்களுக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது என்பதால் இந்தக் கடிதம்.

நீங்கள் என்னிடம் நல்லபடியாக நடந்துகொண்ட பிறகு இதை அனுப்புவது சரியா என்று மூன்று நாள் யோசித்தேன். சரி என்றுதான் படுகிறது. நல்லவர்கள் மேல் புகார் எழுத முடியாத பெட்டியால் யாருக்கு லாபம்?

வியாழக்கிழமை ஊருக்குப் போகிறேன். நாங்குநேரிக்குப் பக்கம். முகவரி பின்புறம்.

வேல்விழி


குன்றத்தூர்
18 ஜனவரி 2015, ஞாயிறு

அன்புள்ள வேல்விழி,

முடிவு உங்களுக்கும் வந்திருக்கும். இருபத்தாறாவது நாளே சொல்லிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் கேட்டார்கள். கோதண்டத்தின் வீட்டில்தான், டீ கொடுத்தார். டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, “இன்னாபா, ஆரம்பிக்கலாமா?” என்றார். ரத்னா ஒவ்வொரு கேள்வியையும் எழுதி வைத்துக் கேட்டார். நான் அழித்த நாற்பத்தோரு மடல்களும் என் பழைய கணினி வட்டில் இருந்தன. நாற்பதைத் திரும்பப் போட்டாயிற்று. அந்த ஒலித்துண்டை மட்டும் போடவில்லை; அது இருந்த இடத்தில் என்ன இருந்தது, யார் செய்தார், யார் சிரித்தார் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. என் பெயர் பத்தாவது. ஒன்பது பேர் என்று எழுதியிருந்தீர்கள். என்னைச் சேர்க்காமல் எண்ணியிருக்கிறீர்கள்.

குழுவில் மன்னிப்பு எழுதினேன். ஆறு மாதம் திட்டத்தின் எந்தப் பொறுப்பும் எனக்கில்லை. திட்டத்தின் சாவிகளை, கடவுச்சொற்களைத்தான், ரத்னாவிடம் கொடுத்துவிட்டேன். ரத்னா முடிவைப் படித்துக்காட்டியதும் கோதண்டம், “பெஞ்சு போட்ருவோமோன்னு பயந்தியா? ஆறு மாசம் எங்கயாச்சும் போய் சுத்திட்டு வாப்பா, கண்ணு கீறவன்தானே நீ” என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

அந்த பெஞ்சும் இதுவும் ஒன்றில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரகடத்தில் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்து கதவைத் திறந்தால், செய்ய ஒன்றுமில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கொஞ்சம் நடக்கிறேன். திரும்பி வருகிறேன். அவ்வளவுதான்.

இன்னொன்று இருக்கிறது. இதை விசாரணையில் அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் அம்மா 2012இல் போன பிறகு வீட்டில் நான் மட்டும். உங்கள் குரல் போன வருடம் ஜனவரியில் தயாரானபோது அதைச் சோதிப்பதற்காக எதையாவது தட்டிக் கேட்பேன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் ‘சாப்பிட்டாச்சா’ என்று தட்டினேன். சோதனைக்குத்தான். நீங்கள் கேட்டீர்கள். மறுநாளும் தட்டினேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. போன வாரம் வரை, ஏறக்குறைய ஒரு வருடம், தினமும் வீட்டுக்கு வந்ததும் அதைத் தட்டுவேன். நடுவில் எங்கோ மெல்லிய ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பதிவில் உள்ள குறை. அதையும் நான் சரிசெய்யவில்லை. நான் பதிலும் சொல்வேன்.

அருள்பாண்டி அசிங்கமாகச் செய்தான். நான் அப்படிச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் சொல்லாத ஒன்றை உங்கள் வாயில் வைத்து எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டதில், அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த வாரம் முழுக்கத் தேடினேன். இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. நாம் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இதற்கு வரியும் இல்லை. நீங்கள் இதைக் கோதண்டத்துக்கும் ரத்னாவுக்கும் எழுதலாம்.

தணிகாசலம்


நாங்குநேரி
1 பிப்ரவரி 2015, ஞாயிறு

தணிகாசலம் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். முதல் நாள் எனக்கு அருவருப்பாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. யாரோ ஒரு வீட்டில், எனக்குத் தெரியாமல், ஒரு வருடமாக நான் ஒருவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் என் வாக்கியப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை எதிலிருந்து சேர்த்திருப்பீர்கள் என்று தேடினேன். ‘சாப்பிட்டா’ வாக்கியம் 611: ‘விருந்தினர் அனைவரும் சாப்பிட்டார்கள், வீட்டுக்காரர் மட்டும் காத்திருந்தார்.’ ‘ச்சா’ வாக்கியம் 87: ‘பச்சாதாபம் எனக்கு வேண்டாம் என்றார்.’ வேறெதிலும் இல்லை.

611ஐ நான் படித்தது தீபாவளி அன்று. 2013. எங்கள் லைனுக்கு லீவு இல்லை. மற்ற லைன்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது ஹாஸ்டலில் சமையல்கூட இல்லை. பேசாமல் மெத்தை அறைக்குள் போய் உட்கார்ந்து பத்து மணியிலிருந்து படித்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்குக் கேட்கும் ‘டப்’ பதிவின் குறை இல்லை. தெருவில் யாரோ வெடித்த வெடி. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கோபம் குறைந்திருந்தது. அருள்பாண்டிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சொல்ல வேண்டியவள் நான்தான் என்றால், சொல்கிறேன். அவர் செய்ததைக் கேட்க ஆட்களைக் கூட்டினார். நீங்கள் செய்ததை என்னிடம் வந்து சொன்னீர்கள். இதைப் பெட்டிக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் இனி அதைத் தட்ட வேண்டாம். கேட்டிருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

குரல் இருக்கட்டும். எடுக்க வேண்டாம். ரத்னா டீச்சருக்கும் எழுதிவிட்டேன். கோதண்டம் சார் போன வாரம் போன் செய்தார். எடுத்ததும், “அட, நீ நெசமாவே கீறியாம்மா!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முக்காற்புள்ளி எல்லாம் படிக்காமல் சிரிக்கிறதே என்றார்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். உங்கள் மைக். அதே அட்டைப்பெட்டிதான், முகவரியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன். நான் இனிப் பதிவு செய்யப்போவதில்லை. இங்கே ஒரு நூற்பாலையில் வேலை கேட்டிருக்கிறேன். அங்கே சத்தத்தில் யாரும் யாருடைய குரலையும் கேட்க முடியாதாம். ரத்னா டீச்சரின் மாணவி ஒருத்தி அடுத்த குரலைக் கொடுக்க வருவதாகக் கேள்விப்பட்டேன். மைக்கை அவளுக்கு அனுப்புங்கள். பெட்டிக்குள் அந்த ஒரு பக்கத்தை மேலாக மடித்து வையுங்கள். மைக்கை எடுப்பதற்கு முன்னால் அது கையில் பட வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அண்ணன். எங்கள் பக்கம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்க மாட்டோம். வீட்டுக்கு வந்தவர்களை, உங்களைப் போல மூத்தவர்களை, ‘சாப்ட்டியளா’ என்றுதான் கேட்போம். அந்த ஒலி 1,240 வாக்கியங்களில் ஒன்றிலும் இல்லை. வெட்டி ஒட்டினாலும் வராது. பார்த்துவிட்டேன்.

அது என்னிடம் இருக்கிறது.

வேல்விழி